பள்ளி மேசையில் மின்னணுவியலும் ரோபோட்டிக்ஸும்

தமிழ்நாட்டின் பாடத்திட்டத்தில் குறைக்கடத்திகளைப் பற்றிய விரிவான பாடம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில்தான் இடம்பெறுகிறது. டையோடின் மின்னழுத்த–மின்னோட்ட வரைகோட்டை வரைவதும், தொகுப்புச் சுற்றுகளைக் கொண்டு தருக்க வாயில்களின் உண்மை அட்டவணையைச் சரிபார்ப்பதும் அதே வகுப்பின் செய்முறைகளில் உள்ளன. ஆனால் நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டுவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள், ஆறாம் வகுப்பு மாணவரின் கையிலேயே உணரிகளையும் மோட்டார்களையும் கொடுத்துவிடுகின்றன. இத்தகைய ஓர் ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதியுதவி உண்டு. மேலும் 50,000 ஆய்வகங்கள் ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் அமைக்கப்படும் என்று 2025–26ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை கூறியது. பாடம் பின்னாலும் கருவி முன்னாலும் வரும் இந்த வரிசையில் குறையேதும் இல்லை. கை முதலில் பழகிய பொருளைப் பின்னர் கணக்கால் அறிவது நல்ல கல்வியே. ஆனால் அந்தக் கணக்கு வராமலே போய்விட்டால் எஞ்சுவது விளையாட்டுப் பொருள் மட்டுமே.

தொடக்கப் பயிற்சி பெரும்பாலும் ஒரு சிவப்பு எல்இடி விளக்கை எரியவைப்பதாகும். பற்றவைக்காமலே சுற்றுகளை அமைக்க உதவும் பிரெட்போர்டு என்னும் துளைப்பலகையில், ஒரே வரிசையிலுள்ள ஐந்து துளைகள் உள்ளே உலோகத்தால் இணைந்திருப்பதால், விளக்கின் இரு கால்களையும் அதே வரிசையில் செருகும் மாணவருக்கு அது எரிவதில்லை. விளக்கை 5 வோல்ட்டில் நேரடியாக இணைத்தாலோ மிகை மின்னோட்டம் பாய்ந்து அது கெட்டுப்போகும். விளக்கு எடுத்துக்கொள்ளும் ஏறத்தாழ 2 வோல்ட் போக மீதமுள்ள 3 வோல்ட்டை 220 ஓம் மின்தடையத்தின்மீது விழச்செய்தால், சுற்றில் பாய்வது ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யப்படும் ஓம் விதிக்கு இதைவிட எளிய சான்று கிடைப்பதரிது.

ரோபோ என்பது மனித உருவம் கொண்டதாக இருக்கவேண்டியதில்லை. சுற்றுப்புறத்தை அறியும் உணரி, அறிந்ததைக் கொண்டு முடிவெடுக்கும் நுண்கட்டுப்படுத்தி, அந்த முடிவைச் செயலாக்கும் மோட்டார் ஆகிய மூன்றும் இணைந்தாலே போதும். இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ பலகை இந்த நடுப்பணியைச் செய்கிறது. இதன் ஊனோ வகைப் பலகையின் ஒரு முனை தரக்கூடிய மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியர் அளவே என்பதால், அதைவிடப் பல மடங்கு இழுக்கும் மோட்டாரை நேரடியாக இணைக்காமல், இடையில் மோட்டார் டிரைவர் என்னும் சுற்றைப் பொருத்துகின்றனர். இதே பலகை 0 முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை 1024 படிகளாகப் பிரித்து எண்ணாக மாற்றுகிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லி வோல்ட்டுக்குச் சமம். இந்தச் சிறிய எண்ணின் முக்கியத்துவம் தருமபுரியின் குடிநீரை எடுத்துக்கொண்டால் விளங்கும்.

இம்மாவட்டத்தின் பாறை அடுக்குகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளோரைடு, பல தலைமுறைகளாகப் பற்களில் பழுப்புக் கறையையும், மிகும்போது எலும்பு, மூட்டுப் பாதிப்பையும் ஏற்படுத்தி வந்துள்ளது. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம். இச்சூழலில் கிணற்று நீரைச் சோதிக்கும் கருவியைச் செய்ய விரும்பும் மாணவர், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டிடிஎஸ் உணரியையே முதலில் நாடுவார். அவ்வுணரி நீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவை மதிப்பிடுகிறது. எந்த உப்பு என்று அது பிரித்தறிவதில்லை. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு கரைந்துள்ள நீரில், ஃபுளோரைடின் அனுமதிக்கத்தக்க உச்ச அளவு 1.5 மில்லிகிராம்தான் என்பதாலும், நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தாலே மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடிவிடும் என்பதாலும், ஃபுளோரைடின் ஏற்றத்தாழ்வு அந்த எண்ணில் அறவே தெரியாது.

ஃபுளோரைடை மட்டும் அறிய, லாந்தனம் ஃபுளோரைடு படிகத்தாலான தேர்வு மின்முனை தேவை. அயனியின் செறிவு பத்து மடங்கு மாறும்போது அம்முனையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லி வோல்ட் மாறுகிறது. செறிவு 1.0இலிருந்து 1.5 மில்லிகிராமாக, அதாவது விரும்பத்தக்க வரம்பிலிருந்து உச்ச வரம்புக்கு உயரும்போது, மாற்றம் 10 மில்லி வோல்ட் மட்டுமே. ஆர்டுயினோவின் கணக்கில் அது இரண்டே படிகள். எனவே நடுவில் ஒரு பெருக்கிச் சுற்று வேண்டும்; செறிவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு கருவியைத் தரப்படுத்தவும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் டிரான்சிஸ்டர் பாடம் பெருக்கியைக் கற்பிப்பதன் நோக்கம் இந்த இடத்தில் மாணவருக்குத் தானாகவே புலப்படும்.

கோட்டைப் பின்பற்றும் வண்டியை ஓட்டிக்காட்டி முடிந்துவிடும் கண்காட்சிகளைக் காட்டிலும், கருவி எதை அளக்கவில்லை என்று கண்டறியும் இவ்வகை முயற்சி உயர்ந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் உள்ளது. தருமபுரியை அடுத்த செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் இயங்குகிறது. அங்குச் செல்லவிருக்கும் மாணவர், மின்சுற்றில் பழுது தேடவும் அளவையைச் சந்தேகிக்கவும் பள்ளியிலேயே பழகியிருப்பது பெரும் முன்னேற்பாடு. ஆய்வகம் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள், மாணவர் செய்த கருவியின் அளவையும் அதே நீருக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் தரும் முடிவையும் பக்கம்பக்கமாக எழுதி, வேறுபாட்டுக்கான காரணத்தை மாணவர்களையே தேடச் சொல்ல வேண்டும்.