முகம் மாறிய கடிகாரங்கள்

1950 ஏப்ரல் 14 இரவு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் திருவண்ணாமலையில் இருந்தார். வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைப்பக்கம் மறைந்ததைக் கண்டவர், உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. ரமண மகரிஷி உடல் நீத்த நேரமாகப் பதிவானதும் அதுவே.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் கைக்கடிகாரம் கட்டியவர்கள் எல்லோரும் அயல்நாட்டுச் சரக்கையே கட்டினார்கள். சப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது 1961-ல்தான். அதற்கு முன் வந்ததெல்லாம் பெரும்பாலும் ஃபாவ்ரே-லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் பெயர்கள். தாத்தாவின் பீரோவிலிருந்து அவை இன்றும் வெளியே வருகின்றன. வந்ததும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: ‘இது ஒரிஜினல்தானா?’

எந்திரத்தைப் பற்றி பதில் சொல்வது எளிது. திறந்தால் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். டயலுக்குத்தான் கண் வேண்டும். ஏனென்றால் நம் நாட்டில் டயல் நெடுநாள் தாங்குவதில்லை. பழைய கடிகாரங்களில் பல தண்ணீர் புகாதவை அல்ல. வியர்வையும் மழைக்கால ஈரமும் கண்ணாடியின் ஓரம் வழியாக உள்ளே போய்ப் பூச்சை அரிக்கும். புள்ளி விழுந்த டயலை யாரும் விரும்புவதில்லை. பழைய பூச்சையும் அச்சையும் மருந்து போட்டுக் கரைத்து, தகட்டைத் தேய்த்துப் புதுச் சாயம் ஏற்றி, மேலே மறுபடியும் பெயரை அச்சிட்டுவிடுவார்கள். இந்த வேலை மும்பையில் பெரிய தொழிலாகவே நடந்தது. இப்படி மறுவண்ணம் பூசிய கடிகாரங்களுக்கு உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. அந்தப் பெயரில் பெருமை ஏதுமில்லை.

மறுபூச்சைக் கண்டுபிடிக்க, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடி போதும். முதலில் எழுத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் செதுக்கிய எஃகுத் தகட்டில் மையிட்டு, மென்மையான பஞ்சணை போன்ற ஒன்றால் எடுத்து டயலில் ஒற்றுவார்கள். அதனால் மை சற்றே மேடாக நிற்கும். எழுத்தின் முனை கூர்மையாக இருக்கும். மறுபூச்சில் எழுத்து பிசிறடிக்கும், ஒன்று தடித்தும் அடுத்தது மெலிந்தும் நிற்கும், நிமிடக் கோடுகள் வட்டத்தை விட்டு விலகும். ஆறு மணிக்குக் கீழே ‘சுவிஸ் மேட்’ என்ற சிறிய எழுத்து விளிம்பில் பாதி மறைந்திருந்தாலோ, அறவே இல்லாவிட்டாலோ சந்தேகப்படலாம். அடுத்தது, தனியாகப் பதித்த உலோக எண்களின் அடி. புதுச் சாயம் அங்கே குழம்பாகத் தேங்கி நிற்கும். வினாடி முள் சுற்றும் சிறு வட்டத்தில் நுண்ணிய வரைவளையங்கள் உண்டு. அவற்றையும் சாயம் நிரப்பிவிடும். டயலைக் கழற்றிப் பார்க்க முடிந்தால் ஓரத்தில் அரத்தால் போட்ட சிறு வெட்டு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். மறுபடி அச்சிடும்போது நேர் பார்க்க அப்படி அடையாளம் இடுவதுண்டு.

இருட்டில் ஒளிரும் பூச்சு இன்னும் நல்ல சாட்சி. ஏறத்தாழ 1960-களின் தொடக்கம் வரை ரேடியம், பிறகு ட்ரிட்டியம், 1990-களிலிருந்து கதிரியக்கம் இல்லாத பூச்சு என்பது வரிசை. டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லுக்கு இருபுறமும் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம். அதன் அரை ஆயுள் 12 ஆண்டுக்குச் சற்றே அதிகம். 1970-ல் செய்த அத்தகைய டயல் இன்று இரவு முழுக்கப் பளிச்சென்று எரிந்தால், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். ரேடியம் பூசிய கடிகாரம் பல வருடம் ஓடாமல் கிடந்தால், முள் நின்ற இடத்தில் டயலே பழுப்பேறி நிழலாகக் கருகியிருக்கும். பார்க்க அசிங்கம் என்று வீட்டார் முதலில் அழிக்கச் சொல்வது அதைத்தான். ஆனால் எனக்குத் தெரிந்து டயலின் உண்மைக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகளைத் தடவிப் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தமிழகக் கோயில்கள் பலவற்றில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். அழுக்கோடு எழுத்தும் போயிற்று. கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது வேறு. அது குடமுழுக்குதோறும் நடக்கும் மரபு. கல்லில் உள்ள எழுத்தைத் தேய்த்தால் திரும்ப வராது. டயலும் அந்த இனம். தேய்ந்த பல்சக்கரத்துக்கு வேறொன்று கிடைக்கும், அறுந்த ஸ்பிரிங்கையும் மாற்றலாம்.

சந்தையும் இதையே சொல்கிறது. நடிகர் பால் நியூமன் கட்டிய ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அவர் கை பட்டது பெரிய காரணம். ஆனால் யாரோ ஒருவர் கட்டிய அதே மாடலிலும், நியூமன் வைத்திருந்த வகை டயல் இருந்தால் ஒரு விலை, சாதாரண டயல் என்றால் அதில் ஒரு பகுதிதான். உள்ளே ஓடும் எந்திரம் இரண்டிலும் ஒன்றே. டயல் செய்து தந்துகொண்டிருந்த ஸ்டெர்ன் குடும்பம்தான் 1932-ல் பாடெக் பிலிப் கடிகார நிறுவனத்தையே வாங்கியது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

விலை உயர்ந்தவற்றுக்கு மட்டும்தான் மறுபூச்சு ஆபத்து என்று எண்ண வேண்டாம். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, சாவி கொடுக்கும் ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் மவுசு கூடியது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் புத்தம் புதிய டயலோடு அவை இணையத்தில் குவிகின்றன. அறுபது வயதுக் கடிகாரத்தின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லையென்றால், வாங்கும் முன் விற்பவரிடம் உள்ளே திறந்து படம் கேளுங்கள்.

வீட்டில் இருப்பதைச் சர்வீசுக்குக் கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ‘அண்ணே, எண்ணெய் விடுங்க, கண்ணாடி மாத்துங்க. டயலைக் கழுவாதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க, கழட்டுற பழைய முள்ளையும் என்கிட்டேயே கொடுத்துடுங்க.’ ரேடியம் டயல் என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒளி அணைந்துபோயிருந்தாலும் ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. உதிரும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. நீங்களாகக் கண்ணாடியைத் திறந்து நகத்தால் சுரண்டிப் பார்க்கவும் வேண்டாம்.