மேளத்தை முந்தும் கை

கொங்குப் பக்கத்துக் கோயில் நோம்பியில் வள்ளி கும்மி நடந்தால் ஆடுகிறவர்களின் கையைக் கவனியுங்கள். வாத்தியார் வள்ளி கதையைப் பாட, வட்டத்தில் பாட்டியும் பேத்தியும் அடுத்தடுத்து ஆடுவார்கள். மேளத்தில் அடி விழும்போதே அத்தனை பேரின் கைதட்டலும் ஒரே சத்தமாகக் கேட்கும்.

அடியைக் கேட்ட பிறகு தட்டினால் இது நடக்காது. ஒலி காதில் விழுந்து கை அசையச் சுமார் 150 மில்லி விநாடி ஆகும். அதற்குள் கும்மி கலைந்துபோகும். அடுத்த அடி எப்போது விழும் என்று கணித்து மூளை முன்கூட்டியே கைக்குச் சொல்லிவிடுகிறது. சீரான தாளத்துக்கு விரலைத் தட்டச் சொல்லும் சோதனைகளில் பெரும்பாலோர் அடிக்கு ஒரு துளி முன்பாகவே தட்டிவிடுகிறார்கள். திண்ணையில் சும்மா உட்கார்ந்து கேட்பவரின் மூளையிலும் அசைவுக்கான பகுதிகள் விழித்துக்கொள்ளும். ஆடாதவர் காலும் தாளம் போடுவது அதனால்தான்.

சரி, சந்தோஷம் எங்கிருந்து வருகிறது? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரான்வின் டார், ராபின் டன்பார் குழுவினர் பிரேசிலில் பள்ளி மாணவர்கள் 264 பேரை ஆடவைத்துப் பார்த்தார்கள். சிலர் ஒரே அசைவைச் சேர்ந்து செய்தார்கள், சிலர் ஆளுக்கொன்று செய்தார்கள். சிலர் வியர்க்க ஆடினார்கள், சிலர் உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தார்கள். முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, வலி பொறுக்க முடியாமல் போகும்வரை இறுக்கினார்கள். முரட்டுச் சோதனைதான். ஆனால் மூளையில் சுரந்து சந்தோஷம் தரும் எண்டார்பினை நேரடியாக அளப்பது கடினம்; அது வலியை மட்டுப்படுத்தும் என்பதால் இந்தச் சுற்றுவழி. 2015இல் வெளியான முடிவு: உழைத்து ஆடியதும் சேர்ந்து ஆடியதும் தனித்தனியாகவே வலி தாங்கும் அளவைக் கூட்டின. உட்கார்ந்து ஆடியவர்களுக்கும், அசைவு ஒத்துப்போனால் பலன் இருந்தது. கூட ஆடியவர்கள் மேல் நெருக்கமும் கூடியது.

எல்லாவற்றையும் ஒரு ரசாயனத்தின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. யாரை வட்டத்தில் சேர்ப்பது என்பதை எண்டார்பினா முடிவு செய்கிறது? முன்பு ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்துக் கும்மிக் கலைஞர் பத்ரப்பன். 2024இல் பத்மஸ்ரீ பெற்றார்.

கும்மியின் அடவுகள் எளியவை. நாலு சுற்றில் பிடிபட்டுவிடும். பிடிபட்டதும் வாத்தியார் வேகத்தைக் கூட்டுவார். மூளை போட்ட கணக்கு தப்பும், இரண்டு பேர் கை தவறும், சிரிப்பு கிளம்பும். அடுத்த சுற்றுக்குள் கணக்கு சரியாகிவிடும். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார்.