வாடல் நோய்க் கிருமிகள் தொகை அறிந்து தாக்கும் விதம்

கத்திரி, தக்காளி, உருளைக்கிழங்கு, இஞ்சி முதலியவற்றைச் சாகுபடி செய்வோருக்குப் பெருநஷ்டம் விளைக்கும் வியாதிகளுள் பாக்டீரியா வாடல் நோய் முக்கியமானதாகும். செழுமையாய் நின்ற செடி நடுப்பகலில் தலைசாய்ந்து, சில தினங்களில் இலைகள் பச்சையாக இருக்கும்போதே வாடி மடிந்துவிடும். இந்நோயின் கிருமியை அமெரிக்க ஐக்கிய நாட்டு அறிஞர் எர்வின் ஸ்மித் என்பவர் 1896ஆம் ஆண்டில் விவரித்தார். ரால்ஸ்டோனியா என்னும் இனத்தைச் சேர்ந்த இக்கிருமி 200க்கு மேற்பட்ட செடிவகைகளைத் தாக்க வல்லது.

நோய் திடீரென்று தோன்றுவதால், கிருமியும் அன்றே வந்ததெனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது நெடுநாள் முன்னரே நிலத்தில் தங்கியிருந்து, தன் தொகை பெருகும் வரையில் காத்திருந்ததாகும்.

தொகை குறைந்த காலத்து வாழ்க்கை:— மண்ணிலும் வாய்க்கால் நீரிலும் இக்கிருமிகள் அற்பத் தொகையினவாக இருக்கும்போது, உயிர் பிழைப்பதே அவற்றின் நோக்கம். அப்போது அவை சவுக்கு போன்ற நுண்ணிய இழைகளால் நீந்திச் செல்லும். கிடைத்தற்கரிய இரும்புச் சத்தைத் தேடிச் சேர்க்கும். பலவகை உணவுகளையும் உண்ணும். குளிர்ந்த நீரிலோ உணவற்ற நிலையிலோ அகப்பட்டால், ஆய்வுக்கூடத்து வளர்ப்பு ஊடகத்திலும் வளராதபடி ஒடுங்கிக் கிடந்து, ஏற்ற செடியை அடைந்தபின் மீண்டும் விருத்தியடைவதும் உண்டு. ஆகவே, சோதனையில் கிருமி காணப்படாமையால் மட்டும் நிலம் சுத்தமெனத் துணிதல் கூடாது.

தொகை அறியும் முறை:— ஒவ்வொரு கிருமியும் கொழுப்பு அமிலத்தினின்று உண்டாகும் ஒரு பொருளை மிகச் சிறு அளவில் வெளியிடுகின்றது. இப்பொருள் இன்னதென்பதை 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். சிலவகைக் கிருமிகள் இதனோடு ஒத்த வேறொரு பொருளை உபயோகிக்கின்றன. திறந்த மண்ணில் இது பரவி மறைந்துவிடும். வேரினுள் புகுந்து, ஜலம் ஏறும் குழாய்களில் கிருமிகள் நெருங்கிப் பெருகும்போதோ இது தேங்குகின்றது. ஒரு கன சென்டிமீட்டரில் கிருமிகள் ஏறத்தாழ ஒரு கோடியைக் கடந்ததும், அவற்றின் மேலுறையிலுள்ள உணர்வுறுப்பு இதனை அறிந்து, நோய் விளைக்கும் குணங்களை எழுப்புகின்றது. குடிமராமத்துக்கு ஊரார் கூடியது தெரிந்தபின் ஒவ்வொருவரும் மண்வெட்டியை எடுப்பது போன்றது இது.

அப்பொழுது கிருமிகள் நீந்துவதைக் குறைத்து, பிசின் போன்ற வழவழப்பான பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. செடியின் உயிரணுச் சுவர்களைக் கரைக்கும் நொதிகளையும் விடுகின்றன. பிசின் குழாய்களை அடைத்துவிடுவதால் இலைகளுக்கு ஜலம் ஏறுவதில்லை. வயலில் ஈரம் இருந்தும் செடி வாடுவதன் காரணம் இதுவே.

காத்திருப்பதன் காரணம்:— பிசினைச் சுரப்பது கிருமிக்குப் பெருஞ்செலவாகும். இம்மாறுதலை நடத்தும் உறுப்பை நீக்கிய கிருமிகள் விரைந்து வளர்ந்தன; எனினும் அவற்றுக்கு நோய் விளைக்கும் வலிமை பெரிதும் குன்றியது. சிலவாக இருக்கும்போதே பிசினைச் சுரந்தால் சத்து வீணாகும், செடியும் வாடாது. தொகை பெருகியபின் அச்செலவு பலன் தருகின்றது.

நோயைத் தெரிந்துகொள்ளும் விதம்:— வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் அதன் முனை அமிழும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிஷங்களில் பால் போன்ற இழைகள் இறங்குமாயின் இந்நோயெனத் துணியலாம். அவ்விழைகள் பிசினில் திரண்ட கிருமிகளே. பூஞ்சணத்தால் வரும் வாடலில் இவை தோன்றா.

செய்யத்தக்கவை:— வாடிய செடியை மருந்து தெளித்துக் குணப்படுத்த இயலாது. கிருமிகள் சிலவாக இருக்கும்போதே அவை பெருகாதபடி தடுப்பதே வழியாகும்.

1. நோயுற்ற செடியை வேர் மண்ணுடன் எடுத்து எரித்துவிட வேண்டும். வாய்க்காலில் எறிதல் கூடாது.

2. நோய் கண்ட பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்குப் பாயாதபடி தடுக்க வேண்டும். அங்கு உபயோகித்த களைக்கொத்தைக் கழுவாமல் வேறிடத்தில் உபயோகிக்கலாகாது.

3. வேரில் காயம்படக் கொத்துதல் ஆகாது. காயங்களின் வழியே கிருமி புகும். வேர்முடிச்சு நூற்புழுவையும் கட்டுப்படுத்த வேண்டும்.

4. இக்குடும்பப் பயிர்களை அடுத்தடுத்துப் பயிரிடாமல் நெல் அல்லது மக்காச்சோளம் பயிரிடுவது நன்று. கிருமிக்குப் புகலிடமாகும் மணத்தக்காளி போன்ற செடிகளையும் அகற்ற வேண்டும்.

5. விதைக் கிழங்கை நோயற்ற நிலத்திலிருந்தே பெற வேண்டும். கத்திரியில் அர்க்கா நிதி, அர்க்கா கேசவ் போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களையோ, சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றுகளையோ நடலாம்.

கிருமிகளின் அறிவிப்புப் பொருளையே சிதைக்கும் ஒரு நொதியை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதனால் நோய் தடுக்கும் வழி பிறக்கக்கூடும். ஆயினும் அதனை எதிர்பார்த்து மேற்கூறியவற்றை ஒத்திப்போடலாகாது.

ஒரே வாய்க்காலில் பலர் பாய்ச்சும் ஊர்களில் ஒருவரது அசிரத்தை அனைவருக்கும் நஷ்டமாகும். முதற்செடி வாடியவுடனே கீழ்மடைக்காரர்களுக்கு அறிவிப்பது நிலமுடையோர் கடமை. அவ்வறிவிப்பு ஊரெங்கும் சேரும்படி செய்வது கிராம அதிகாரிகளின் கடமையாகும்.