வயலில் கம்பியில்லா வலை: கணக்கு ஒன்று, களம் ஒன்று

ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால், டார்ச் எடுத்துக்கொண்டு வால்வு திறக்கப் போவது சுரண்டைப் பக்கத்துக் காய்கறி விவசாயிகளுக்குப் புதிதல்ல. அந்த அலைச்சலைக் குறைக்கக் கம்பியில்லா வால்வுகளும் ஈரப்பத உணரிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. கடைசி வால்வு வரை சமிக்ஞை நேராக எட்டாத இடத்தில், ஒரு கருவி அடுத்த கருவிக்குத் தகவலைக் கைமாற்றும். இதற்கு ‘மெஷ்’ வலை என்று பெயர். எந்த வழியாகக் கைமாற்றுவது என்பதை உள்ளிருக்கும் கணக்குமுறை முடிவு செய்கிறது. அதன் திறமையை விற்பவர் நிறையவே சொல்வார்.

தாண்டல் குறைந்த வழியே நல்ல வழி என்றுதான் முதலில் கணக்குப் போட்டார்கள். 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது அது பொய்த்தது. தாண்டல் குறைந்தால் ஒவ்வொரு தாண்டலும் நீளம். வழியில் தகவல் தொலையும். உடைந்த வாய்க்காலைக் குறுக்குவழி என்று நம்பித் தண்ணீர் விட்ட கதைதான். தகவல் போய்ச் சேர எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணி வழி பிடித்த முறையே ஜெயித்தது.

நம் பக்கத்து உதாரணம் தேனியில் இருக்கிறது. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களையும், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. மருத்துவர் தேனியில் இருந்தபடியே நோயாளியைத் திரையில் பார்த்துப் பேசினார். சாதாரண வைஃபை, யாரும் பேசாத நேரம் பார்த்துப் பேசும் வழக்கமுடையது. பல கிலோமீட்டர் தூரத்தில், எதிர்முனை பேசத் தொடங்கியது தெரிவதற்குள் இந்த முனையும் பேசிவிடும், இரண்டும் மோதும். அவர்கள் கண்ட மாற்று நம் ஊர் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரிந்ததுதான்: முறை வைப்பது. இவ்வளவு நேரம் நீ, இவ்வளவு நேரம் நான். இப்படிச் செய்ததில் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியதாக 2007இல் அறிவித்தார்கள்.

விவசாயி கவனிக்க வேண்டியது அதே குழு 2008இல் எழுதியதைத்தான். வலையைப் பெரிதும் படுக்கவைத்தது கணக்குமுறை அல்ல, மின்சாரம். அழுத்தம் எகிறியபோது அடாப்டர்கள் கருகின. தாழ்ந்தபோது கருவி நின்று நின்று ஓடி, நினைவகம் கெட்டது.

சுரண்டையில் இதோடு சாரலும் சேரும். நனைந்த இலை அலையை விழுங்கும். மக்காச்சோளம் விதைத்த அன்று சோதித்துக் காட்டிய இணைப்பு, பயிர் ஆளுயரம் வந்ததும் தடுமாறலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் இந்தத் தொல்லை அதிகம். உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைவு.

முன்பணம் கொடுக்கும் முன், நடுவில் உள்ள ஒரு கருவியை அணைத்துவிட்டு மற்றவை வேறு வழி பிடிக்கின்றனவா, எத்தனை நிமிடமாகிறது என்று வயலிலேயே காட்டச் சொல்லுங்கள். ஆன்டெனா முழுப் பயிர் உயரத்துக்கு மேல் நிற்க வேண்டும். இணைப்பு அறுந்தால் வால்வு திறந்தே நிற்குமா, மூடிக்கொள்ளுமா என்பதையும் கேளுங்கள். எல்லா வால்வும் மூடிக்கிடக்க மோட்டார் ஓடினால் குழாய் வெடிக்கும். கையால் திறக்க வசதியில்லாத வால்வு என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம்.