கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை – 9: மாலைமாற்றுத் தாளம்

பியானோவில் எஃப் ஷார்ப் மேஜர் கார்டைப் பிடித்துப் பாருங்கள். மூன்று விரலும் மூன்று கறுப்புக் கட்டைகளில்தான் விழும். இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் தன் கடவுளைக் குடியமர்த்திய இடம் அது.

சென்ற வாரம் பார்த்த லிஸ்ட், 1865இல் பாதிரி அங்கி அணிந்தவர். மெஸ்ஸியான் அங்கி எதுவும் அணியவில்லை. பாரிஸின் த்ரினித்தே தேவாலயத்தில் 1931 முதல், 1992இல் இறக்கும்வரை ஆர்கன் வாசித்தார். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி நிலைத்திருக்கும். பியானோவில் அப்படியில்லை, சுத்தி கம்பியைத் தட்டிய மறுநொடியே ஒலி தேயத் தொடங்கிவிடும். முடிவே இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச நினைப்பவருக்குத் தோதான வாத்தியமா அது?

1944 மார்ச் 23. ஜெர்மானியர் பிடியில் பாரிஸ். மொரிஸ் தொயேஸ்கா என்ற எழுத்தாளரின் கிறிஸ்து பிறப்பு உரைகளை வானொலியில் வாசிக்கும்போது உடன் ஒலிக்க 12 துண்டுகள் வேண்டும் என்பதுதான் தொடக்கம். ஆகஸ்டில் நகரம் விடுதலையானது. மெஸ்ஸியான் எழுதிக்கொண்டே இருந்தார். செப்டம்பர் 8 அன்று பேனாவை வைத்தபோது 12 என்பது 20 ஆகியிருந்தது. வாசிக்க ஏறக்குறைய 2 மணி நேரம். ‘குழந்தை இயேசுவின் மீது இருபது பார்வைகள்.’ பிதா பார்க்கிறார், கன்னி பார்க்கிறாள், விண்மீன் பார்க்கிறது. சிலுவையும் பார்க்கிறது. காலமும் மௌனமும்கூடப் பார்க்கின்றன.

தேய்ந்து மறையும் ஒலியைக் கொண்டு காலத்தைக் கடப்பது எப்படி? மெஸ்ஸியானுக்கு வழி கிடைத்தது நம் பக்கத்திலிருந்து. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் சார்ங்கதேவர் எழுதிய ‘சங்கீத ரத்னாகர’த்தின் 120 தேசி தாளங்கள், பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் பட்டியலாக அச்சாகியிருந்தன. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அவரை இழுத்தவற்றில் ஒன்று ‘டேங்கி’: குரு, லகு, குரு. கையால் தட்டிப் பாருங்கள்: நெடிது, குறிது, நெடிது. கடைசியிலிருந்து தட்டினாலும் அதேதான். முன்னும் பின்னும் ஒன்றாகிவிட்ட தாளத்தில் காலம் எந்தத் திசையில் ஓடும்? தேவாரத்தில் சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை அறிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. அங்கே எழுத்து திரும்பி வருகிறது. இங்கே கால அளவு.

இருபதில் ஐந்தாவது, ‘மகன் மகனைப் பார்ப்பது’. தெய்வமாகிய மகன், தொட்டிலில் கிடக்கும் மகனைப் பார்க்கிறார். ஏட்டில் மூன்று வரிகள். அடிவரியில் அந்த எஃப் ஷார்ப் கடவுள் கருப்பொருள் நிதானமாக நகர்கிறது. மேலிரண்டிலும் ஒரே தாளக் கோவை: ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம். ஒரு வரி உள்ளபடி போக, மற்றது ஒவ்வொரு அளவையும் ஒன்றரை மடங்காக நீட்டிக்கொண்டு போகிறது. ஆள் ஒருவர், நடை இரண்டு. இறையியல் நூல்கள் பக்கம் பக்கமாக வாதாடிய விஷயம், இங்கே அளவை அப்படி நீட்ட அதன் பக்கத்தில் வைத்த ஒரு புள்ளி.

1945 மார்ச் 26, பாரிஸ் கவோ அரங்கு. வாசித்தவர் அவருடைய மாணவி இவோன் லோரியோ, வயது 21. (1961இல் இருவரும் மணந்துகொண்டார்கள்.) துண்டுகளுக்கு முன்னால் மெஸ்ஸியான் விளக்கம் படித்தார். விமரிசகர்கள் சிலருக்கு எரிச்சல். இசைக்கு எதற்கு இத்தனை பக்திப் பேச்சு என்று பத்திரிகைகளில் சண்டை மூண்டது; ‘மெஸ்ஸியான் விவகாரம்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பேச்சை நான் படித்தது, இசையைப் பலமுறை கேட்ட பிறகுதான். ஐந்தாவது துண்டில் மேலிரு வரிகளும் விலகி விலகிப் போக, அடியில் அந்தக் கறுப்புக் கட்டைகள் எதற்கும் அவசரப்படாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. விளக்கம் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

(அடுத்த வாரம்: பறவைகளிடம் பாடம் கேட்டவர்)