தோட்டப் பள்ளியில் பெரியோருக்கும் ஒரு வாங்கு

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்றாலே பிள்ளைகளுக்கு மட்டும் உரிய இடம் என எண்ணிப் பழகிவிட்டோம். அதற்கு வரலாறும் ஒரு காரணம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிருவாகத்தைப் பணித்தது. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த காலம் அது. பெற்றோர் வாயிலோடு நின்றுவிட்டனர்.

இன்று அவ்வாறு நிற்பதால் வரும் இழப்பு பெரிது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பள்ளியிலிருந்து வரும் மலாய்க் கடிதத்தைப் பிள்ளையிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லும் தந்தைக்கு, பிள்ளை சொல்வதை நம்புவதன்றி வேறு வழியில்லை. (பிள்ளைகள் எல்லா வரிகளையும் படித்துக் காட்டுவதில்லை என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்!) தமிழ்ப் பள்ளியை முடிக்கும் பிள்ளை மலாய்மொழியில் பின்தங்கினால், புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகக் கழிக்க நேரிடும். வீட்டில் ஒருவரேனும் அம்மொழியை எழுத்துக்கூட்டிப் படிப்பாராயின் அந்த ஓராண்டு மிஞ்சக்கூடும்.

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் தொழிலாளிக்கு மாலையில்தான் ஓய்வு. அந்நேரத்தில் வகுப்பறைகளும் வெறுமையாகவே உள்ளன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் தலைமையாசிரியரைக் கலந்து, முறைப்படி அனுமதி பெற்று, வாரத்தில் இரண்டு மணி நேரம் மலாய் வாசிப்பு வகுப்பு நடத்தலாம். தாய்மாரும் வரவேண்டுமாயின், சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் ஏற்பாடு செய்க. இதனை மறந்ததால் வகுப்பில் ஆண்கள் மட்டுமே எஞ்சுவதுண்டு.

2001இல் தொடங்கப்பட்ட சமூகக் கல்லூரிகள் பொதுமக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் அளிக்கின்றன. வடக்கே சபாக் பெர்ணாமிலும் அத்தகைய கல்லூரி உண்டு. பயிற்சிகள் அவ்வப்போது மாறும். நேரில் கேட்டறிதல் நலம்.

பள்ளியின் எழுத்தர், தோட்டக்காரர், துணைப் பணியாளர் ஆகியோரும் மேற்படிப்புக்கு வழியில்லை என வருந்த வேண்டா. மலேசியத் தகுதி முகமையின் ‘அபெல்’ முறையில், செய்த தொழிலின் அனுபவமே மதிப்பிடப்படுகின்றது. சான்றிதழ்ப் படிப்புக்கு 19, டிப்ளோமாவுக்கு 20, பட்டப் படிப்புக்கு 21 வயதைக் கடந்திருத்தல் வேண்டும். சான்றிதழ்ப் படிப்பை நாடுவோர்க்கு எழுத, படிக்க, கணக்கிடத் தெரிந்திருத்தல் அவசியம். அதற்கும் மேற்சொன்ன மாலை வகுப்பே முதற்படி.

விண்ணப்பிக்க விழைவோர், வேலை செய்த காலத்தைக் குறிக்கும் கடிதத்தை நிருவாகத்திடம் முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்க. பழைய சம்பளச் சீட்டுகளையும் எறிந்துவிட வேண்டா.