காலை எட்டு மணி ரத்தம்

இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடையே கொண்டவை. ஆயினும் ரத்த அழுத்தம், உடலின் உப்புச் சமநிலை, நோயையும் உழைப்பையும் தாங்கும் திறன் ஆகியவை அவை சுரக்கும் கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரோன் முதலிய ஹார்மோன்களைச் சார்ந்துள்ளன. இவற்றை ரத்தத்தில் அளப்பது இன்று எளிதாகிவிட்டது. அளந்த எண்ணுக்குப் பொருள் காண்பதுதான் கடினம்.

கார்ட்டிசால் விடியலுக்கு முன்பே உயரத் தொடங்கி, கண் விழிக்கும் வேளையை ஒட்டி உச்சத்தை அடைந்து, நள்ளிரவில் மிகவும் குறைந்துவிடும். ஆகவே சுரப்புக் குறைவைக் கண்டறிய ரத்தம் காலை எட்டு மணியளவில் எடுக்கப்படுகிறது; நடவு வேலை முடித்து மாலையில் கொடுக்கும் ரத்தத்தில் அளவு குறைந்திருப்பது நோயின் அடையாளம் ஆகாது. காலை அளவு ஒரு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தால் சுரப்புக் குறைவு பெரிதும் உறுதியாகிறது; 15 முதல் 18-க்கு மேல் இருந்தால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

இடைப்பட்ட அளவு உள்ளவர்களுக்குத் தூண்டல் சோதனை தேவைப்படும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்னும் ஹார்மோனை அனுப்பியே அட்ரீனலை இயக்குகிறது. கடைமடை வயல் காய்ந்தால், மேலே தண்ணீர் திறக்கப்படவில்லையா, வாய்க்கால் தூர்ந்துவிட்டதா என்று டெல்டா விவசாயி பார்ப்பதுபோல, மருத்துவரும் கார்ட்டிசாலுடன் ஏசிடிஎச் அளவையும் பார்க்கிறார்: அது மிகுந்திருந்தால் பழுது அட்ரீனலில், குறைந்திருந்தால் பிட்யூட்டரியிலோ அதற்கும் மேலேயோ உள்ளது. தூண்டல் சோதனையில் இதே ஹார்மோனின் செயற்கை வடிவம் ஊசியாகச் செலுத்தப்பட்டு, அரை மணியிலும் ஒரு மணியிலும் கார்ட்டிசால் மீண்டும் அளக்கப்படுகிறது. ஏசிடிஎச் வெப்பத்தில் விரைந்து சிதைவதால் அதற்கான ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே பிரிக்க வேண்டும். வேதாரண்யத்திலோ பட்டுக்கோட்டையிலோ எடுத்து வெயிலில் அனுப்புவதைவிட, ஆய்வகம் உள்ள ஊருக்கே நோயாளி சென்று கொடுப்பது நல்லது.

மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் அட்ரீனல் பழுதால் வரும் சுரப்புக் குறைவு நோயை விவரித்தபோது, அவர் கண்ட நோயாளிகள் பலரின் சுரப்பிகளைக் காசநோய் அழித்திருந்தது. இந்தியாவில் இன்றும் அது ஒரு முக்கியக் காரணம். சோர்வு, எடை இழப்பு, தாழ்ந்த ரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் தோல் கறுப்பதும் இதன் அறிகுறி. வயலில் வேலை செய்வோரிடம் அது வெயிலின் கறுப்பாக எண்ணப்பட்டுவிடக் கூடும் என்பதால், வெயில் படாத ஈறுகளையும் வாயின் உட்புறத்தையும், உள்ளங்கை ரேகைகளையும் மருத்துவர் சோதிக்கிறார்.

இதைவிடப் பரவலானது மருந்தால் வரும் குறைவு. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டால் பிட்யூட்டரி ஓய்ந்து, அட்ரீனலும் செயலிழக்கிறது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இவற்றுள் பிரெட்னிசோலோன் சில சோதனை முறைகளில் கார்ட்டிசாலாகவே கணக்கிடப்பட்டு அளவை உயர்த்திக் காட்டும். டெக்சாமெத்தசோன் அவ்வாறு தோன்றாமல், உடலின் சொந்தச் சுரப்பை மட்டும் தாழ்த்தும். எனவே உட்கொண்ட மருந்துகளை, பெயர் தெரியாத வலி மாத்திரைகள் உட்பட, மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்கும் ரத்தம் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

பிறவியிலேயே வரும் குறைபாடும் உண்டு. கார்ட்டிசாலை உருவாக்கும் நொதி ஒன்று இல்லாத குழந்தைகளின் ரத்தத்தில் அதன் முன்பொருளான 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் தேங்கும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் ரத்தத் துளியில் அது தெரியும். சென்னை உட்பட ஐந்து நகரங்களில் சுமார் ஒரு லட்சம் குழந்தைகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், ஒட்டுமொத்தமாக 5,762-இல் ஒருவருக்கும், சென்னையில் 2,036-இல் ஒருவருக்கும் இக்குறை காணப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இதன் வாய்ப்பு கூடுகிறது. கண்டறியப்படாத குழந்தை இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே உப்பிழப்பால் இறக்கக்கூடும். கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனும் உப்பைக் காக்கும் மருந்தும் தொடர்ந்து கொடுத்தால் மற்றக் குழந்தைகளைப்போல வளரும்.

இத்தனை நுணுக்கங்களுக்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு: ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமுமாக வரும் நோயாளிக்கு அட்ரீனல் நெருக்கடி என்று ஐயம் எழுந்தால், ரத்தத்தை எடுத்துவைத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை உடனே போடுவதே மருத்துவ நெறி.